சேதனப் பசளை என்றதும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

சென்ற வாரம் தரம் 9 வகுப்பில் மண் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். சேதனப் பசளை என்ற சொல் வந்ததும் பின் வாங்கில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். என்ன என்று கேட்டால், "அது கோட்டாட பசளைதானே சேர், அதாலதானே நாடு வங்குரோத்தாச்சு" என்றான் ஒருவன். கல்கிசையில் பிறந்து வளர்ந்த பிள்ளை. வயலை பஸ் ஜன்னலால் மட்டும் பார்த்தவன். அவனில் பிழை இல்லை, வீட்டில் நாம் பேசியதைத்தான் சொன்னான்.

நாடு வங்குரோத்தானதற்குக் கடன், வரிக்குறைப்பு, டொலர் தட்டுப்பாடு என்று வேறு பெரிய காரணங்கள் இருந்தன. ஆனால் பசளைக் கதையை நாம் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

2021 மே 6ஆந் திகதி வர்த்தமானி வந்தது, இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. சொந்தமாகச் சேதனப் பசளை செய்யும் நெல் விவசாயிக்கு ஹெக்டேயருக்கு 12,500 ரூபா, அதுவும் 2 ஹெக்டேயர் வரைதான் என்றார்கள். யூரியாவில் 46 வீதம் நைதரசன். நல்ல கூட்டெருவில் 1, 2 வீதம். அதாவது ஒரு 50 கிலோ மூட்டை யூரியா தருகிற நைதரசனுக்கு ஒரு தொன்னுக்கு மேல் கூட்டெரு வேண்டும். அதைச் செய்ய மாடு எங்கே, ஆள் எங்கே, ஏற்றி இறக்க டிரக்டர் எங்கே? நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. அந்தப் போகத்து விளைச்சல் முந்திய பெரும்போகத்தை விட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. 2022 ஜனவரியில் நட்டஈடாக 4,000 கோடி ரூபா அறிவித்தார்கள். அந்தப் பணத்தை முன்னாலேயே, விரும்பிய விவசாயிக்கு, பத்து வருடத் திட்டமாகக் கொடுத்திருக்கலாமே என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

இது புதுசும் இல்லை. இறப்பர் மரம் நட்டால் பால் வெட்ட ஆறு, ஏழு வருடம் செல்லும். அதுவரை என்ன சாப்பிடுவது என்று யாரும் கிழட்டு மரத்தைப் பிடுங்க மாட்டார்கள். அதற்காகத்தான் 1953இல் இறப்பர் மீள்நடுகை மானியச் சட்டம் வந்தது. வேலை நடக்க நடக்க, பார்த்துப் பார்த்துத் தவணையாகக் காசு. தேயிலையிலும் அப்படித்தான். பழைய செடியைப் பிடுங்கியதும் புதுக் கன்று வைப்பதில்லை. ஒன்றரை, இரண்டு வருடம் குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்ற வேண்டும். தோட்டப் பயிருக்குத் தெரிந்த இந்த வழி நெல்லுக்கு மட்டும் ஏன் தெரியாமல் போனது?

நெல்லுக்கு இப்போது கிடைப்பது பசளை மானியம். 2024/25 பெரும்போகத்திலிருந்து ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, அதாவது ஏக்கருக்குப் பத்தாயிரம் மட்டில். அதைக் குறைக்கச் சொல்லவில்லை, விவசாயிக்கு அது தேவை. ஆனால் மண்ணைக் கவனித்தவருக்கும் அதே காசு, கவனிக்காதவருக்கும் அதே காசு.

அட்டாளைச்சேனைக் கலாசாலையில் படித்த காலத்தில், அறுவடை முடிந்த கையோடு வட்டைகளில் வைக்கோலுக்குத் தீ வைப்பதைப் பார்த்திருக்கிறோம். பின்னேரம் விடுதி ஜன்னலைத் திறக்க முடியாது. பயிர் உறிஞ்சிய பொற்றாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது என்று பகலில் படித்துவிட்டு, மாலையில் அந்தப் புகையைச் சுவாசித்தோம். ஒரு காக்காவிடம் ஏன் என்று கேட்டோம். "உழுது பொரட்டினா நல்லதுதான் தம்பி. இன்னொரு உழவுக்கு டீசல் யாரு தாற?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த மேலதிக உழவின் கூலியைத்தான் மானியம் என்று நாம் கேட்கிறோம். குளக்கட்டுக்குக் கீழே மரம் விடுவது, வரம்பைப் பலப்படுத்துவது எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

காசை எடுத்துவிட்டு வேலை செய்யாமல் விட்டால்? தவணை முறை அதற்குத்தான். அதைவிடச் சிக்கலான கேள்வி, காசு யாருக்கு என்பது. கிழக்கில் எத்தனையோ பேர் குத்தகைக்குச் செய்கிறார்கள். அடுத்த போகம் அந்தக் காணி கையில் இருக்குமோ தெரியாதவர் மண்ணுக்கு ஏன் செலவழிக்க வேண்டும்? காணிக்காரருக்கு மட்டும் காசு போனால் திட்டம் கடதாசியில்தான் நிற்கும்.

விளைச்சலின் ஸகாத்தை யோசித்துப் பாருங்கள். மழையால் விளைந்தால் பத்தில் ஒன்று, செலவழித்து நீர் இறைத்தால் இருபதில் ஒன்று. பாரம் சுமந்தவருக்குக் கடமை பாதியாகிறது. அரசாங்கத்துக்கும் இந்தக் கணக்கு விளங்காததல்ல.

காசு எங்கிருந்து என்று கேட்பீர்கள். கொஸ்தாரிக்காவில் 1996இல் வந்த வனச் சட்டத்தின் கீழ், எரிபொருள் வரியின் ஒரு பகுதி காட்டைக் காப்பாற்றும் காணிக்காரர்களுக்குப் போகிறது. காலி வீதியில் காலையும் மாலையும் நெரிசலில் நிற்கும் நாம் லீற்றருக்குச் சில சதம் கொடுக்க மாட்டோமா? சம்மாந்துறை அரிசியும் பொலன்னறுவை அரிசியும் சாப்பிடுகிறோமே.

ஊரில் வயல் உள்ளவர்கள், வாப்பா, மாமாமாரிடம் கேட்டு ஓர் உதவி செய்யுங்கள். வைக்கோலை எரிக்காமல் உழுது விட ஏக்கருக்கு மேலதிகமாக எவ்வளவு செல்லும்? கீழே எழுதுங்கள். அடுத்த பாடத்தில் அந்தக் கணக்கைப் பின் வாங்குக்காரர்களிடம்தான் செய்யக் கொடுக்கப் போகிறோம்.