கோவூர்கிழார் காட்டிய வழி

கல்லூரியில் இருவர் மோதிக்கொண்டால், துறைத்தலைவரின் அறைக்குச் செய்தி எட்டுமுன் விடுதி நண்பர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே பிணக்கைத் தீர்க்கும் முதற்கடமை உடன்பயிலும் நமக்கே உரியது என்பேன். ஆனால் எல்லாப் பிணக்குகளுக்கும் ஒரே மருந்து போதுமா?

புறநானூறு பயின்ற நண்பர்கள் கோவூர்கிழாரை அறிவார்கள். உறையூரை நலங்கிள்ளி முற்றுகையிட, உள்ளே நெடுங்கிள்ளி கதவடைத்திருந்தான். இருவரும் சோழர், இருவரும் படையுடையவர். யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று இருவருக்கும் பொதுவாக எடுத்துரைத்தார் புலவர். இது 45ஆம் பாடல். அடுத்த பாடலிலோ நிலைமை வேறு. மலையமானின் சிறுவர்களை யானைக்காலில் இட முனைந்தான் கிள்ளிவளவன். அங்கே புலவர் சிறுவர்களிடம் சமாதானம் பேசவில்லை. வலியவன் முன் நின்று வாதாடினார், சிறுவர்கள் பிழைத்தனர்.

இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம். கபடி அணியில் இடம் யாருக்கு, இரவல் வாங்கிய குறிப்பேடு ஏன் திரும்பவில்லை என்பவை ஒத்தவர்களின் சண்டைகள். இருவரையும் உட்காரவைத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்கச் செய்தாலே பாதி தீர்ந்துவிடும். ஆனால் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும், முதலாண்டு மாணவனைப் பகடிவதை செய்வதும் கொடுமைகள். பகடிவதையைத் தடுக்க 1997லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அத்தகைய இடத்தில், "போனால் போகிறது, கைகொடுத்துவிடு" என்று பாதிக்கப்பட்டவனை வற்புறுத்துவது அவனை இரண்டாம் முறை அடிப்பதற்குச் சமம்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, அவன் படித்த பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றாள். அதன்பின் அரசு அமைத்த முன்னாள் நீதிபதி சந்துருவின் குழு, சாதி காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் அணியத் தடை விதிக்குமாறு 2024இல் பரிந்துரைத்தது. கையிலுள்ள கயிற்றை அரசு அகற்றலாம். பக்கத்து இருக்கைக்காரன் ஏன் நான்கு நாளாக வகுப்புக்கு வரவில்லை என்று யார் கேட்பது? நாம்தானே?

கேட்போம். அவன் அஞ்சினால் ஆசிரியரிடம் உடன் செல்வோம். அதைக் காட்டிக்கொடுத்தல் என்று சிலர் ஏசலாம். நம்மால் தாங்க இயலாத சுமையைத் தாங்கக்கூடியவரிடம் சேர்ப்பது எப்படித் துரோகமாகும்? ஒத்தவரிடையே தூது செல்வோம். எளியவனுக்குத் துணை நிற்போம்.

— மூன்றாம் ஆண்டு, வரலாறு