நெசவாளியின் மூளை

லியோனுக்குப் போறம் எண்டதும் எல்லாரும் சொன்னது ஒண்டுதான்: "வடிவாச் சாப்பிட்டு வாங்கோ." சாப்பிட்டம். பூஷோன் எனப்படும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் குடல், ஈரல் எல்லாம் மேசைக்கு வந்தன. கூட வந்த சிலர் முகம் சுளித்தார்கள். குடல் கறியோட வளர்ந்த எங்களுக்கு அதில் என்ன புதினம்?

எங்களை உறுத்தியது வேறு. உள்ளியும் பச்சை இலைகளும் சேர்த்து அடித்த வெள்ளைப் பாற்கட்டிக்கு அங்கே 'செர்வெல் து கனூ' எண்டு பேர். அதாவது, பட்டு நெசவாளியின் மூளை! மூளை ஒரு துளியும் இல்லை; நக்கல் மட்டும்தான்.

அந்தக் கனூக்கள் வாழ்ந்த மேடு குருவா ரூஸ். அங்கே வீடுகளின் உட்கூரை ஏறக்குறைய 4 மீற்றர் உயரம். ஆடம்பரமில்லை, ஜக்கார் தறி நிற்க அவ்வளவு உயரம் வேணும். 1831 நவம்பரில், ஒத்துக்கொண்ட குறைந்தபட்சக் கூலியை வணிகர்கள் பலர் கொடுக்க மறுக்க, இந்த மனுசர் எழும்பி நகரத்தையே பிடிச்சவை. டிசம்பரில் இராணுவம் வந்து மீட்டது. 1834 இல் திரும்பவும் எழும்பினார்கள், திரும்பவும் நசுக்கப்பட்டார்கள்.

சுற்றுலாக்காரர் பெரும்பாலும் கீழே பழைய நகரத்தோடயே நிண்டுவிடுகினம். வீடுகளுக்கு ஊடாக ஓடும் 'திறபூல்' ஒழுங்கைகளில் படம் எடுத்து, 'இரகசியப் பாதை' எண்டு போடுகினம். மேட்டிலுள்ள திறபூல்களால் பட்டுச் சுமை நனையாமல் இறங்கியது. அதை நெய்தவர்களைத் தெரியாமல் லியோனைப் பார்த்தோம் எண்டு சொல்லேலாது. முதல் மேட்டில ஏறுங்கோ, பிறகு சாப்பிடலாம். 'கூர் தே வொராஸ்' முற்றத்தின் ஆறுமாடிப் படிக்கட்டைப் பார்க்கக் காசில்லை. ஆக்கள் குடியிருக்கிற இடம், மெதுவாக் கதையுங்கோ.