‘மருந்து ஒழுங்காக எடுக்காதவர்’: கேஸ் ஷீட்டில் ஒளிந்திருக்கும் சாதி

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்த ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாக என் சித்தப்பாவை மருத்துவமனையில் சேர்த்தோம். கேஸ் ஷீட்டில் எழுதினார்கள்: ‘மருந்து ஒழுங்காக எடுக்காதவர்.’ எழுதிய மருத்துவர் என்னிடம் சொன்னார்: “உங்க காலனியில சுத்தம் இருக்காதே.”

சித்தப்பாவுக்கு வந்தது சிறுநீர்ப்பாதைத் தொற்று. சிறுநீரகம் மாற்றியவர்கள் மீண்டும் மீண்டும் படுக்கையில் சேர முக்கியக் காரணமே தொற்றுகள்தான். புதிய சிறுநீரகத்தை உடல் அந்நியமாகப் பார்த்துத் தாக்கும். அதைத் தடுக்க டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். அவை எதிர்ப்பாற்றலையே அடக்குகின்றன. மருந்து குறைந்தால் உறுப்பு நிராகரிப்பு, கூடினால் தொற்று. அதாவது, மருந்தை விட்டவர் முதலில் அஞ்ச வேண்டியது நிராகரிப்பை. என் சித்தப்பா வேளை தவறாமல் விழுங்கியவர். குற்றச்சாட்டுக்கும் நோய்க்கும் பொருத்தமே இல்லை. ஆனாலும் எழுத முடிந்தது. ஏன்?

நோயைப் பார்க்கும் முன் முகவரியைப் பார்த்துவிட்டார்கள்.

நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். எங்கள் தெருக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். ஊர்த் தெருவில் தினமும் வருகிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்ததை நாடே பார்த்தது. இதில் சுத்தம் இல்லாதவர் யார்?

இது இங்கு மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில், சிறுநீரகச் செயலிழப்புக்காக மட்டுமே மெடிகேர் பெற்ற 65 வயதுக்குட்பட்டவர்களுக்கு, இந்த மருந்துகளுக்கான காப்பீடு அறுவைக்குப் பின் 36 மாதத்தோடு நின்றது. காசில்லாமல் மருந்தை விட்டவர்கள் மீண்டும் டயாலிசிஸுக்கு வந்தார்கள். அவர்களுக்கும் ‘ஒழுங்கற்ற நோயாளி’ என்றே பெயர். 2020இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 ஜனவரியில்தான் அது நடைமுறைக்கு வந்தது. ஒழுங்கற்று இருந்தது சட்டம்.

மருந்து இலவசமாகவே கிடைத்தாலும் அதை வாங்கவும், ரத்தத்தில் அதன் அளவைப் பரிசோதிக்கவும் சித்தப்பா ஒரு நாள் கூலியை விடுகிறார். கூடவே, சிறுநீரகம் கொடுத்த சித்தியும் விடுகிறார்.

அந்தப் பரிசோதனையைத் தாலுகா மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். இழந்த கூலியைக் கொடுங்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் அங்கே தண்ணீரும் கழிப்பறையும் உண்டா என்று கேட்டு, அதையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். பிறகு பேசலாம், யார் ஒழுங்கற்றவர் என்று.