பப்புவா நியூ கினியின் ரக்பிக் கனவு: கிராமத்துப் பிள்ளைக்கு இடம் உண்டா?

2028ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் போட்டியில் பப்புவா நியூ கினியின் அணி ஒன்று களமிறங்கவிருக்கிறது. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியே அதன் தளம். இந்த அணிக்காகவும் பசிபிக் வட்டாரத்தில் இவ்விளையாட்டை வளர்ப்பதற்காகவும் ஆஸ்திரேலிய அரசாங்கம் பத்து ஆண்டுகளில் 60 கோடி ஆஸ்திரேலிய டாலர் வழங்குவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. அவ்வட்டாரத்தில் சீனாவின் செல்வாக்கு வளர்ந்துவரும் வேளையில் வந்த அறிவிப்பு இது.

மலேசியாவில் நாம் அதிகம் பார்ப்பது ரக்பி யூனியன். ரக்பி லீக் என்பது அணிக்கு 13 பேர் ஆடும் வேறொரு வகை. பப்புவா நியூ கினியில் அதுவே தேசிய விளையாட்டு. எனவே ஆர்வத்துக்கோ திறமைக்கோ அங்கே பஞ்சமில்லை. அந்தத் திறமையைக் கண்டெடுப்பதுதான் சிக்கல். அந்நாட்டில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் கிராமங்களில் வாழ்கின்றனர். தலைநகரிலிருந்து மலைப்பகுதி மாநிலங்களுக்கு நேரடிச் சாலையே இல்லை. விமானத்தில்தான் போக வேண்டும். மலைக்கிராமத்தில் ஆடும் 15 வயதுப் பையனைத் தலைநகரில் இருக்கும் பயிற்றுநர் எப்படிப் பார்ப்பார்?

ஜஸ்டின் ஓலம் என்பவரின் கதை இதற்குப் பாடம். மலைப்பகுதியில் உள்ள சிம்பு மாநிலத்தில் பிறந்த அவர், லே நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தார். அங்கிருந்துதான் அவருடைய ரக்பிப் பயணம் வேகம் பிடித்தது. 2020இல் மெல்பர்ன் ஸ்டார்ம் அணி வாகை சூடியபோது இறுதியாட்டத்தில் ஆடினார். அவரை மலையிலிருந்து இறக்கியது ரக்பி அன்று, படிப்பு. அப்படியானால் பாதியிலேயே பள்ளியை விட்ட எத்தனை ஓலம்கள் யார் கண்ணிலும் படாமல் போயிருப்பார்கள்?

இடைப்பட்ட ஒரு படி ஏற்கெனவே இருக்கிறது. 2014 முதல் குவீன்ஸ்லாந்து கிண்ணப் போட்டியில் ஆடிவரும் ஹன்டர்ஸ் அணி, 2017இல் அதை வென்றது. உள்ளூர் வீரர்களால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. அதற்குக் கீழே உள்ள படிகள்தாம் பலவீனமானவை. புதிய அணிக்கோ உடனே வெல்ல வேண்டிய நெருக்கடி இருக்கும். வீரர்களின் சம்பளத்துக்கு வரிவிலக்கும் தரப்படுவதால், பெயர்பெற்ற வெளிநாட்டு வீரர்களை வாங்குவது எளிய வழியாகத் தோன்றும்.

எனவே நிதியின் ஒரு பகுதி மாநில அளவிலான பள்ளிப் போட்டிகளுக்கும், படிப்போடு பயிற்சியும் தரும் விடுதிகளுக்கும் நேராகச் செல்ல வேண்டும். பயிற்சிக்கு வரும் நூறு பேரில் ஓரிருவரே தொழில்முறை வீரர்களாக முடியும். மற்றவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பக்கூடாது. "விளையாட்டை நம்பிப் படிப்பை விட்டுவிடாதே" என்று நம் வீடுகளில் சொல்வதும் இந்தப் பயத்தால்தானே? கல்விச் சான்றிதழ் கையில் இருந்தால், பிள்ளையை அனுப்பப் பெற்றோரும் துணிவார்கள்.

பத்தாண்டு நிதி ஒருநாள் முடியும். அரசியல் கணக்குகளும் மாறும். அப்போதும் சிம்புவில் ஒரு பள்ளித் திடலும் ஒரு பயிற்றுநரும் எஞ்சியிருந்தால், அந்தப் பணம் வீண்போகவில்லை எனலாம்.