500 மரக்கட்டைகளும் ஒரு வாக்குமூலமும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி, தங்கைகளைக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் யார்? கொலம்பஸ். இந்தியாவுக்குக் கடல்வழி கண்டவர்? வாஸ்கோ ட காமா. வட துருவத்தை முதலில் அடைந்தவர்? ராபர்ட் பியரி. கேள்விக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு மதிப்பெண். 1498இல் வாஸ்கோ ட காமாவின் கப்பலை ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு ஓட்டிவர, அந்தக் கடலை ஏற்கெனவே அறிந்த ஒரு மாலுமி தேவைப்பட்டார். வழி தெரிந்தவரோடு வந்தவருக்குப் பெயர் "வழி கண்டவர்". வழி தெரிந்தவருக்கு மதிப்பெண் இல்லை.

இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது. அதற்கு கிந்துப் என்கிற ஒரு மனிதரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1802இல் நம் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கிய பிரிட்டிஷ் நில அளவை, அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இமயமலையை எட்டிவிட்டது. அதற்கு அப்பால் திபெத். வெள்ளைக்காரர்கள் உள்ளே போக முடியாது. ஆகவே மலைநாட்டு மக்களையே ரகசிய அளவையாளர்களாகப் பயிற்றுவித்து அனுப்பினார்கள். ஒரே அளவாக அடி எடுத்து வைத்து, ஜெபமாலை மணிகளால் அடிகளை எண்ணி, பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் குறிப்புச் சீட்டுகளை ஒளித்துக்கொண்டு நடந்தவர்கள் இவர்கள். இவர்களில் முதன்மையானவர் குமாவுன் மலைப் பகுதியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் நைன் சிங். இவர்களை அரசு "பண்டிட்" என்றது. எழுதத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பட்டம்.

கிந்துப் சிக்கிமைச் சேர்ந்தவர். தையல் வேலை தெரியும். எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே அவர் பண்டிட் இல்லை, துணை ஆள்தான்.

அன்றைய புவியியலாளர்களுக்குப் பெரிய புதிராக இருந்தது ஒரு ஆறு. திபெத்தில் கிழக்கு நோக்கி ஓடும் சாங்போ, மலை இடுக்கில் புகுந்து மறைகிறது. அதுவேதான் அசாமில் பிரம்மபுத்திராவாக வெளிவருகிறதா? இதை அறிய 1880இல் கேப்டன் ஹார்மன் ஒரு லாமாவையும், அவருக்கு வேலைக்காரர் வேடத்தில் கிந்துப்பையும் அனுப்பினார். ஆற்றோடு நடந்து அசாம் வரை வர முடியாவிட்டால், அடையாளமிட்ட 500 மரக்கட்டைகளை நாளுக்கு 50 வீதம் மேலே ஆற்றில் விட வேண்டும். கீழே அசாமில் ஹார்மனின் ஆட்கள் காத்திருந்து பார்ப்பார்கள். இதுதான் திட்டம்.

அந்த லாமா, வழியில் ஓர் உள்ளூர் அதிகாரியிடம் கிந்துப்பை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டார். மாதக்கணக்கில் அடிமை வேலை. பிறகு தப்பி ஓடினார். எந்தப் பக்கம்? வீட்டுப் பக்கம் அல்ல, ஆற்றுப் பக்கம். துரத்தி வந்தவர்கள் பிடித்தபோது ஒரு மடத்தின் தலைவர் 50 ரூபாய் கொடுத்து அவரை விலைக்கு வாங்கினார். மீண்டும் அடிமை. அங்கிருந்து யாத்திரை போவதாக விடுப்புக் கேட்டுக்கொண்டு காட்டுக்குள் போய், 500 கட்டைகளை வெட்டி ஒளித்து வைத்தார். இன்னொரு விடுப்பில் லாசா வரை போய், தெரிந்த ஒருவரைக் கொண்டு கடிதம் எழுதவைத்து, இன்ன நாட்களில் கட்டைகளை விடுவேன் என்று சொல்லி அனுப்பினார். திரும்பவும் மடத்துக்கு வந்து மாதக்கணக்கில் வேலை செய்தார். பிறகு சொன்ன சொல் மாறாமல் பத்து நாட்கள், நாளுக்கு 50 கட்டைகள், ஆற்றில் விட்டார்.

கட்டைகள் மிதந்து வந்தன. பார்க்க ஆளில்லை. ஹார்மன் உடல்நலம் கெட்டு எப்போதோ இந்தியாவை விட்டுப் போயிருந்தார். கடிதம் போய்ச் சேரவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து 1884இல் கிந்துப் ஊர் திரும்பினார். நடந்ததை எல்லாம் நினைவிலிருந்து சொன்னார். ஒருவர் கேட்டு, ஒருவர் மொழிபெயர்த்து, அது அச்சானது. பல நிபுணர்கள் நம்பவில்லை. படிக்காத ஆள், கையில் கருவி இல்லை, குறிப்பு இல்லை, வெறும் ஞாபகம். எப்படி நம்புவது? கிந்துப் தையல் வேலைக்குத் திரும்பினார்.

1913இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் அதே இடுக்குக்குள் போனார்கள். ஊர் ஊராக, வளைவு வளைவாக, கிந்துப் சொன்னது பெரும்பாலும் அப்படியே இருந்தது. ஒன்று மட்டும் பெரிதாக இடித்தது. சாங்போவில் 150 அடி அருவி இருப்பதாக அச்சிட்ட அறிக்கையில் இருந்தது. அந்த இடத்தில் இருந்ததோ சுமார் 30 அடி அருவி. பெய்லி நேரில் கேட்டபோது கிந்துப் சொன்னார்: தான் அப்படிச் சொல்லவே இல்லை. உயரமான அருவி வேறோர் இடத்தில், ஆற்றில் வந்து விழும் ஒரு சிற்றோடையில் இருப்பது. எழுதியவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

எழுதியவர் செய்த பிழை. அது ஏறியது சொன்னவர் கணக்கில். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர் அதைச் சுமந்தார். தன் பெயரில் அச்சானதை அவரால் படித்துத் திருத்தவும் முடியாது. யாரும் அவருக்குப் படித்துக் காட்டவும் இல்லை.

பெய்லி நியாயமாக நடந்துகொண்டார் என்பதைச் சொல்ல வேண்டும். கிந்துப்புக்கு ஓய்வூதியம் கொடுங்கள் என்று அரசிடம் கேட்டார். கிழவர் நெடுநாள் உயிரோடு இருந்துவிட்டால் செலவு கூடுமே என்று கணக்குப் போட்ட அரசு, ஒரே தவணையாக 1000 ரூபாய் கொடுத்துக் கணக்கை முடித்தது. கொஞ்ச காலத்தில் கிந்துப் இறந்துபோனார். 1916இல் ராயல் புவியியல் கழகத்தின் தங்கப் பதக்கம் பெய்லிக்குக் கிடைத்தது.

"அந்தக் காலத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு என்ன செய்ய முடியும்? எழுதத் தெரிந்த நைன் சிங்குக்கு 1877இல் அதே கழகம் தங்கப் பதக்கம் கொடுத்ததே" என்று சிலர் வாதிடலாம். அப்படியானால் மேத்யூ ஹென்சனைப் பாருங்கள். பியரியோடு ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் ஆர்க்டிக் போன கறுப்பர். இனுயிட் மக்களின் மொழியைப் பேசினார், நாய் வண்டி ஓட்டினார், வண்டிகளைச் செய்தார். 1909 ஏப்ரலில் பியரி துருவத்தை அடைந்ததாகச் சொன்ன இடத்தில் ஹென்சனும் நான்கு இனுயிட்டுகளும் நின்றார்கள். அது துருவம்தானா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. ஹென்சன் எழுதத் தெரிந்தவர். 1912இல் புத்தகமே வெளியிட்டார். பியரிக்கு ரியர் அட்மிரல் பதவி கிடைத்தது. ஹென்சனுக்கு நியூயார்க் சுங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. ஆக, எழுத்து மட்டும் காரணமல்ல. யாருடைய சொல் அறிவு, யாருடைய சொல் வெறும் தகவல் என்பது பிறப்பை வைத்து முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது.

கிந்துப் தலித் அல்ல, ஹென்சனும் அல்ல. இழுத்துப் பிடித்து உறவு கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் இந்த ஏற்பாடு நமக்குப் பழக்கமானது. முதலில் எழுத்தை மறுப்பார்கள். பிறகு எழுத்தில்லை என்பதையே காரணமாகக் காட்டிச் சொல்லை மறுப்பார்கள்.

காவல் நிலையத்துக்கு வாருங்கள். வன்கொடுமைக்கு ஆளானவர் வாயால் சொல்கிறார், வேறொருவர் எழுதுகிறார். விசாரணையில் போலீஸ் பதிவு செய்யும் சாட்சி வாக்குமூலத்தில் சொன்னவர் கையெழுத்துப் போடுவதில்லை. சட்டமே அப்படி. ஆனால் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையில், "அன்று இப்படிச் சொன்னாய், இன்று மாற்றிச் சொல்கிறாய்" என்று மடக்க எதிர்த்தரப்பு அதைத்தான் எடுக்கிறது. நமது அம்மாக்கள் கூண்டில் நின்று "நான் அப்படிச் சொல்லலையே" என்கிறார்கள். 150 அடி அருவி இன்றும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

போலீஸைச் சொல்லிவிட்டு நாங்கள் தப்பிக்கப் போவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சேரியில் நடந்த தாக்குதல் பற்றி உண்மை அறியும் குழுவாகப் போனோம். துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அக்காதான் வீடு வீடாக அழைத்துப் போனார். யார் எங்கே நின்றார்கள், எந்தத் தெரு வழியாக வந்தார்கள் என்று எல்லாவற்றையும் காட்டினார். எங்கள் அறிக்கையில் அவர் "உள்ளூர்வாசி ஒருவர்". எங்கள் பெயர்களோ பட்டங்களோடு முதல் பக்கத்தில். பிறகொரு நாள் அச்சான அறிக்கையை அவருக்கு வாசித்துக் காட்டினோம். இரண்டு இடங்களில் நிறுத்தி, "இது தப்பு சார், நான் சொன்னது கீழத் தெரு" என்றார். அதற்குள் அறிக்கை ஆணையத்துக்குப் போய்விட்டது.

பாதுகாப்புக்காகத்தான் பெயரை மறைத்தோம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் அவரை நாங்கள் கேட்கவே இல்லை. கேட்காமல் மறைத்தால் அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் இல்லை.

தோழர்களே, ஆய்வுப் படிப்புக்காகவும் களப்பணிக்காகவும் சேரிகளுக்கும் மலைக் கிராமங்களுக்கும் போகிறவர்கள் நாம். "இதுவரை யாரும் போகாத ஊர்" என்று எழுதாதீர்கள். அங்கே ஆட்கள் பிறந்து வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். வழி சொன்னவரிடம், "உங்கள் பெயரைப் போடலாமா?" என்று கேளுங்கள். எழுதியதை அச்சுக்கு முன் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் திருத்தினால் திருத்துங்கள்.

காவல் நிலையத்துக்குத் துணையாகப் போகும்போது இன்னொன்றையும் மறக்காதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 4: வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிய பிறகு, கையெழுத்து வாங்கும் முன், சொன்னவருக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டியது பொது ஊழியரின் கடமை. வேண்டுமென்றே தவறினால் அது குற்றம். சலுகை கேட்பதுபோல் கேட்காதீர்கள். "வாசிங்க" என்று சொல்லுங்கள். வாசித்து முடிக்கும் வரை கையெழுத்துப் போடவிடாதீர்கள்.

கிந்துப்புக்குப் பக்கத்தில் அப்படிச் சொல்ல ஒருவர்கூட இல்லை. நம் மக்களுக்குப் பக்கத்தில் நாம் இருக்கிறோம்.

ஜெய்பீம்.