கடலில் கேளாத சொல்

குளச்சல் துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போய்த் திரும்பும் நாகர்கோவில்வாசிகள், "என்ன இரைச்சல்! இரண்டு பேர் நலம் விசாரித்துக் கொண்டாலும் சண்டை போடுவது போலல்லவா இருக்கிறது!" என்று சொல்வதுண்டு. நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அலையோசைக்கு மேலே குரலெழுப்பிப் பழகியவர்கள் என்று சமாதானமும் கூறிக் கொண்டோம். அது பாதி உண்மைதான். மறு பாதி படகின் பின்புறத்தில் இருக்கிறது. அதற்கு எஞ்சின் என்று பெயர்.

கட்டுமரத்தில் பாய் விரித்துப் போனவர்களுக்குக் காற்றும் அலையுமே சப்தம். இன்று சிறு வள்ளத்திலும் எஞ்சின் ஏறிவிட்டது. அதன் கைப்பிடியைப் பற்றி அருகிலேயே உட்கார்ந்திருப்பவர், போகவும் வரவும் மணிக்கணக்காக அந்த முழக்கத்தைக் கேட்டாக வேண்டும். சப்தத்தை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். 85 டெசிபலானால் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பது நிபுணர் பலர் ஒப்பிய வரம்பு. இதில் 3 கூடினால் சப்தத்தின் சக்தி இரட்டிக்கிறது. ஆகவே 88 டெசிபலுக்கு 4 மணி நேரம். 100 டெசிபலுக்கோ கால் மணி நேரந்தான்! உட்செவியிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. தலைமயிர் உதிர்ந்தவர்களுக்குத் தைலம் விற்கவாவது ஆள் உண்டு. இதற்கு அதுவும் இல்லை. முதலில் போவது மேல்சுருதி ஒலிகள். அதனால் குரல் கேட்கும், சொல் விளங்காது.

கரையில் சொல் விளங்காவிட்டால் மறுபடி கேட்டுக் கொள்ளலாம். கடலில் அப்படியல்ல. 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் குமரி முனையருகே சீறியதை நம் ஜில்லாவில் மறந்தவர் இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களில் எத்தனை வீடுகள் இருண்டன! தூரக்கடலில் இருந்தவர்கள் பலருக்கு அன்று செய்தியே எட்டவில்லை. படகிலுள்ள வயர்லெஸ், கரையில் உயர்ந்த கம்பம் நட்டிருந்தாலும் முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பேசுவது அரிது. சுறா பிடிக்கப் போகிறவர்களோ அதற்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அப்பால் போகிறவர்கள்.

அந்தக் குறைக்குச் சர்க்கார் மருந்து தேடினார்கள். நம் நாட்டு விஞ்ஞானிகள் உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியாக இருபுறமும் செய்தி அனுப்பும் கருவியை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டு 30-ந் தேதி துவக்கப்பட்டது. சுதேசிக் கருவி என்பதில் நமக்குப் பெருமையே. ஆனால் அது எழுத்தால் பேசுவது. படகுக்குப் படகு வாயால் சொல்லிக் கணத்தில் பதில் பெற வயர்லெஸ்தான் வேண்டும். அந்தப் பெட்டியின் பேச்சோ எஞ்சின் முழக்கத்தில் மூழ்கிப் போகிறது. எட்டாத குறை தீர்ந்தாலும் கேளாத குறை நிற்கிறது! ஒலியைக் கூட்டினால் என்ன என்பீர்கள். ஏற்கெனவே அடிபட்ட செவிக்கு அது இன்னுமோர் அடி.

மார்க்கம் இல்லாமல் இல்லை. விமானத் தளங்களில் வேலை செய்கிறவர்கள், காதுமூடியும் வயர்லெஸும் ஒன்றாய்ப் பிணைந்த கருவியை அணிகிறார்கள். மூடி வெளிச்சத்தத்தைத் தணிக்கிறது. அதனுள்ளே சிறு ஒலிபெருக்கி பேச்சைத் தருகிறது. உதட்டருகே நிற்கும் மைக்குக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வாய்கள். எட்டத்து இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய சமமாகப் புகுந்து ஒன்றையொன்று அழித்துக் கொள்கிறது. நாம் பேசும் சொல் முன்வாயில் பலமாகப் புகுந்து தப்பிப் பிழைக்கிறது.

"காதை அடைத்துக்கொண்டால் கூட்டாளி தவறி விழுந்து கூவுவது எப்படி ஐயா கேட்கும்?" என்று வள்ளக்காரர் கேட்டால் அது நியாயமான கேள்வி. பேரிரைச்சலில் சாதாரணக் காதுமூடி, சத்தத்தையும் பேச்சையும் சேர்த்தே தணிப்பதால் நல்ல செவியுள்ளவருக்குச் சொல் பெரும்பாலும் கெடுவதில்லை. ஏற்கெனவே மந்தமான செவிக்கோ அது இடைஞ்சல்தான். ஆகையால் ஓட்டத்தின்போது எஞ்சினருகே இருப்பவர் அணிந்து, வலை இழுக்கையில் கழற்றுவதே சரியென்று நமக்குத் தோன்றுகிறது. உப்புநீர்பட்டு விலையுயர்ந்த கருவி பாழாகுமென்று அஞ்சுகிறவர்களுக்கு, காதில் செருகும் மலிவான பஞ்சடைப்பான்கள் இருக்கின்றன.

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மையைத் தொழில் நோய்களின் ஜாபிதாவில் சேர்த்திருந்தது. ஆனால் வள்ளம் தொழிற்சாலை அல்லவே! எஞ்சின் வாங்க மானியம் வழங்கும் உத்தரவில் 'காதுமூடி' என்று ஒரு வரி சேர்க்க எத்தனை சொட்டு மை செலவாகும் என்று மீன்துறை அதிகாரிகளைக் கேட்கிறோம்.