ஆளை ஆள்வதும் ஆளை வளர்ப்பதும்

மறைமலைநகர் ஃபோர்டு மோட்டார் ஆலையில் 2022-ஆம் வருஷம் ஜூலை மாதத்தோடு கார் உற்பத்தி நின்றது. அதற்குமுன் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து வாதாடியது பெரும்பாலும் நஷ்டஈட்டுத் தொகையைப் பற்றியே. அவர்கள் கேட்டது நியாயந்தான். ஆனால் இருபது வருஷம் ஓர் ஆலையில் உழைத்தவன் அத்தொகையைத் தவிர வேறு எதைக் கொண்டு வெளியே வருகிறான் என்ற கேள்வியும் அன்றே பலமாக எழுந்திருக்க வேண்டும்.

மனிதவள நிர்வாகம், மனிதவள அபிவிருத்தி என்ற இரண்டையும் ஒன்றாகவே கருதுவோர் பலர். ஆளைச் சேர்ப்பது, சம்பளமும் லீவும் கணக்கிடுவது, தகராறு தீர்ப்பது, கடைசியில் கணக்குத் தீர்த்து அனுப்புவது ஆகியவை நிர்வாகம். இன்று ஒரு திருகாணியை முடுக்குகிறவன், ஐந்து வருஷத்தில் இயந்திரத்தையே பழுதுபார்க்கும் ஆற்றல் பெறும்படி செய்வது அபிவிருத்தி. 1975-ஐ ஒட்டி லார்ஸன் அண்டு டூப்ரோ கம்பெனியில் இதற்கென்று தனி இலாகா அமைக்க உதய் பரீக், டி. வி. ராவ் இருவரும் யோசனை கூறினர். பிறகு பல கம்பெனிகள் பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டன. உள்ளே இருந்ததோ பழைய ஆஜர்ப் பட்டியல்தான். மத்திய சர்க்காரும் 1985-ல் கல்வி இலாகாவுக்கு இப்பெயரைச் சூட்டி, 2020-ல் பழைய பெயருக்கே திரும்பிற்று!

அதே செங்கற்பட்டு ஜில்லாவில், கடற்கரையோரம் மாமல்லபுரத்தில், 1957-ல் சிற்பப் பயிற்சி நிலையம் ஒன்றைச் சர்க்கார் நிறுவினர். அது கல்லூரியாக வளர்ந்து இன்றும் நடைபெறுகிறது. அங்கே மாணவன் உளி பிடிப்பதோடு நிற்பதில்லை. சிற்ப அளவுகளையும் வரைவதையும் சேர்த்தே கற்கிறான். அதன் தலைவராக நெடுங்காலம் இருந்த கணபதி ஸ்தபதியின் பொறுப்பில் எழுந்ததுதான் 2000-ஆம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி குமரிமுனையில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை. முழு வித்தையும் அறிந்த கைகள் பல சேராமல் அது எழுந்திருக்குமா?

சிற்பக்கூடங்களைச் சொர்க்கமென்று நாம் சொல்லவில்லை. கல் தூசி நுரையீரலை அரிக்கும். அதைத் தடுப்பதும், கூலியை நாள் தவறாமல் கொடுப்பதும் நிர்வாகத்தின் கடமை. வித்தையைக் கற்பித்துவிட்டு மூச்சைக் கவனியாமல் விடுவது என்ன அபிவிருத்தி? ஆயினும் ஒரு பட்டறை மூடினால் சிற்பி தன் வித்தையோடு அடுத்த பட்டறைக்குப் போய்விடுவான். வரிசையில் நின்று ஒரே கதவைப் பொருத்தியே காலங்கழித்தவன் எங்கே போவான்?

அப்ரண்டிஸ் சட்டம் வந்தது 1961-ல். அதன் பெயரால் இளைஞரை மலிவான கூலியாட்களாக வைத்து, தவணை முடிந்ததும் அனுப்பிவிடுகிறார்கள் என்ற புகார் இன்னும் ஓயவில்லை. இந்நிலையில், மூடிய ஃபோர்டு ஆலையிலேயே எஞ்சின் தயாரிக்க 2025-ல் நம் ராஜ்ய சர்க்காருடன் உடன்பாடு ஏற்பட்டிருக்கிறது. கதவு திறக்குமுன் சர்க்காரும் தொழிற்சங்கத்தாரும் கம்பெனியாரிடம் சிலவற்றை எழுத்தில் வாங்க வேண்டும்: வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் இரண்டாவது தொழில் கற்பிக்கப்படும், பிற ஆலைகளும் ஏற்கும் அத்தாட்சி தரப்படும், யார் எதைக் கற்றார் என்ற பதிவேட்டைச் சங்கத்தார் பார்க்கலாம். இவற்றுக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்படும் என்பதையும் இப்பொழுதே கேட்டுவிட வேண்டும்.